மால்குடி கண்ட மைசூர்ச் சீமை

பிழைப்பை நாடி வேற்றூரில் குடியேறிய மக்களுக்கு, ‘எது நம் ஊர்?’ என்னும் வினா என்றும் உண்டு. மார்டள்ளித் தமிழராகிய நமக்கோ, இருந்த இடத்தில் இருக்கவே எல்லை பெயர்ந்த வரலாறும் உண்டு. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கோயமுத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. அவ்வினாவுக்கு ஒரு தொலைக்காட்சித் தொடர் விடையளித்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சென்னையில் 1906-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஆர். கே. நாராயண். தந்தையார் மைசூரில் தலைமையாசிரியர். மகனும் மைசூர் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். 1930 செப்டம்பரில், பாட்டியார் பார்த்துச் சொன்ன நல்ல நாளில், பெங்களூரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத அமர்ந்தார். மனக்கண்ணில் தோன்றியது ஒரு சிறு இரயில் நிலையம். அந்நிலையத்தின் ஊரே மால்குடி. அக்கதை ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் ஆங்கில நாவலாக 1935-இல் இலண்டனில் வெளியாயிற்று. ஊருக்கு முன் நிலையம் தோன்றியதில், இரயில்வே ஊழியராகிய எமக்குத் தனியொரு பெருமையும் உண்டு.

அவருடைய ‘கைடு’ நாவல் 1965-இல் இந்திப் படமாயிற்று. மால்குடியோ அதில் இல்லை. கதை இராஜஸ்தானத்துக்குப் பெயர்ந்துவிட்டது. ஆசிரியர் மனம் நொந்து அதுபற்றிக் கட்டுரையும் எழுதினார்.

இருபதாண்டுகள் கழிந்தபின் அக்குறையைத் தீர்த்தவர், கன்னடத் திரையுலகின் நடிகரும் இயக்குநருமான ஷங்கர் நாக். ‘சுவாமியும் நண்பர்களும்’, ‘இனிப்பு வியாபாரி’ ஆகிய நாவல்களையும் பல சிறுகதைகளையும் கொண்டு, 1986-இல் தூர்தர்ஷனுக்காக ‘மால்குடி டேஸ்’ தொடரைத் தொடங்கினார். மலைநாட்டு ஆகும்பே மால்குடியாயிற்று. சிமோகா மாவட்டத்து அரசாளு நிலையம் மால்குடி நிலையமாயிற்று. சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத்தும், தந்தையாகக் கிரீஷ் கர்னாடும் நடித்தனர். இசை எல். வைத்தியநாதன், சித்திரங்கள் ஆசிரியரின் தம்பி ஆர். கே. லட்சுமண். தமிழர் கற்பனையும் கன்னடர் உழைப்பும் இவ்வாறு கைகோத்தன.

மைசூர் யாதவகிரியில் நாராயண் வாழ்ந்த இல்லத்தை நினைவகமாக்க முனைந்தபோது, அவர் கன்னடத்தில் எழுதவில்லையே என்று எழுத்தாளர் சிலர் மறுத்தனர். ஆயினும் 2016-இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. 2020-இல் அரசாளுவின் பழைய நிலையக் கட்டடத்தையும் இரயில்வே மால்குடி அருங்காட்சியகமாக்கியது.

வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசும் நம் சிறார் எதற்கும் நாண வேண்டுவதில்லை. மண்ணை நேசித்தவனை மண் கைவிடாது. மால்குடியே அதற்குச் சான்று.