ஒரு தலைப்பெழுத்து

வ.உ.சி. என்ற மூன்று எழுத்துகளில் கடைசி எழுத்தைத்தான் நாம் படித்திருக்கிறோம். வ என்பதை வள்ளியப்பன் என்று விரிப்பவர்கள் உண்டு. ஓட்டப்பிடாரத்தை ஒட்டிய வண்டானம் என்ற ஊர்ப்பெயராகக் கொள்பவர்களும் உண்டு. நடுவில் நிற்கும் உ பற்றித் தகராறு இல்லை. உலகநாத பிள்ளை, தகப்பனார். தகராறு இல்லாததாலேயே அவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்று தோன்றுகிறது.

வரலாற்று நூல்கள் அவருக்கு ஒரு வாக்கியம் ஒதுக்குகின்றன. உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் 1872 செப்டம்பர் 5-இல் மகன் பிறந்தார், அவ்வளவுதான். அடுத்த பத்தியில் பாஞ்சாலங்குறிச்சி வந்துவிடும். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கு, 1801-இல் கோட்டை தரைமட்டம், அங்கிருந்து ஒரே தாவலில் 1906-இன் சுதேசிக் கப்பல் கம்பெனி. மண்ணின் வீரம் என்று இதற்குப் பெயர். எட்டயபுரமும் அதே கரிசல்தான். அதன் ஜமீன் கும்பினியின் பக்கம் நின்றது. அதே ஊரில் 1882-இல் பாரதி பிறந்தான். மண்ணை வைத்து எதையும் நிரூபிக்கலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது கச்சேரி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓட்டப்பிடாரம் வெறும் கிராமமல்ல, தாலுகாவின் தலைமையிடம். தூத்துக்குடித் துறைமுகமே இந்தத் தாலுகாவுக்குள் அடங்கியிருந்தது. மானாவாரிப் பூமியின் நடுவே ஒரு வக்கீல் குடும்பம் வசதியாக வாழ்ந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வழக்கும் மனுவும் முத்திரைத்தாளும் ஊருக்குள் வந்த காலத்தில் அவற்றின் பாஷையைக் கற்றுக்கொண்டவர் உலகநாத பிள்ளை. ஊரில் பள்ளிக்கூடம் கட்டினார். மகனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவரும் தாலுகா அலுவலர் ஒருவர்தான்.

மகன் செய்யுளில் எழுதிய சுயசரிதையில் வீட்டின் வேறொரு பாதி தெரிகிறது. பாட்டி சொன்ன சிவன் கதைகள், பாட்டனார் சொன்ன ராமன் கதை, வீரப்பெருமாள் அண்ணாவியின் திண்ணைப் பள்ளி. கதை கிழவர்களிடம், சட்டம் தகப்பனிடம். முந்தியதைத்தான் நாம் பரம்பரை என்று கொண்டாடுகிறோம்.

தாலுகாக் கச்சேரியில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்த மகனைத் திருச்சிக்கு அனுப்பிச் சட்டம் படிக்கவைத்தவர் தகப்பனார்தான். 1894-இல் பரீட்சை தேறி, மறு வருஷம் அதே ஊரில் மகன் தொழில் தொடங்கினார். தகப்பனார் வசதியுள்ளவர்களின் வக்கீல். மகன் ஏழைகளுக்காக வாதாடினார், சப் மாஜிஸ்திரேட்டுகள் மீதே லஞ்சக் குற்றத்தை நிரூபித்தார். கச்சேரியை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் இது சாதாரண விஷயமல்ல. 1900-இல் மகன் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். கலகம் வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள் வரவில்லை. தகப்பன் கற்றுக்கொடுத்த பாஷையிலேயே மகன் எதிர்த்துப் பேசினான். பிறகு ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்க்கவும் சட்டப்படி பதிவு செய்த இன்னொரு கம்பெனியைத்தான் தொடங்கினான்.

1908 ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனை. செய்தி கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். இதை வீரக்கதையில் எந்த இடத்தில் வைப்பது?

விடுதலைக்குப் பின் வக்கீல் சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. பேரன் என்றால் பெயரைத் தாங்குகிறவன். வ.உ.சி.யின் ஒரு மகனுக்குப் பாட்டனார் உலகநாதனின் பெயர். இன்னொரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர்.