தானுந்துகளில் எதிர்பாரா முடுக்கம்

எதிர்பாரா முடுக்கம் என்பது ஓட்டுநர் விரும்பாத நிலையில் ஒரு வாகனம் திடீரென வேகமெடுத்து, கட்டுப்பாட்டை மீறி ஓடுவதைக் குறிக்கும். இதற்கு ஓட்டுநரின் பிழையோ வாகனத்தின் கோளாறோ, சில வேளைகளில் இரண்டுமோ காரணமாகலாம். ஓட்டுநர் தண்டிக்கப்படுவதும் ஒரு வகை வாகனங்கள் முழுவதும் திரும்பப் பெறப்படுவதும் இக்காரணத்தைப் பொறுத்தே அமைவதால், இது நீண்டகாலமாக விவாதத்துக்கு உரியதாக உள்ளது.

ஓட்டுநர் பிழை

பிரேக் என எண்ணி ஆக்சிலரேட்டரை மிதிப்பது மிதிப் பிழை எனப்படும். வண்டியைக் கிளப்பும்போதும், உடலைத் திருப்பிப் பின்னோக்கிச் செலுத்தும்போதும், நிறுத்துமிடங்களிலும் இது நிகழ வாய்ப்பு மிகுதி. தன் கால் பிரேக்கின் மீதே இருப்பதாக ஓட்டுநர் உறுதியாக நம்புவதால், வாகனம் வேகமெடுக்கும்போது மேலும் அழுத்தி மிதிக்கிறார். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று அவர் பின்னர் கூறுவது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

கிளட்ச் உள்ள வாகனத்தில் இடது காலால் கிளட்ச்சை மிதித்தால் இயந்திரத்தின் விசை சக்கரங்களுக்குச் செல்லாது. தானியங்கி வாகனங்களிலும் மின் வாகனங்களிலும் இந்த வாய்ப்பு இல்லை.

வாகனக் கோளாறு

கால்மிதி விரிப்பு ஆக்சிலரேட்டரின் மேல் சிக்குதல், மிதி முழுமையாக மேலெழாமை, கம்பி இறுகுதல், மின்னணு உணரிகளிலும் மென்பொருளிலும் ஏற்படும் பிழைகள் ஆகியவை இவ்வகையின. பொதுவாக, நல்ல நிலையிலுள்ள பிரேக் இயந்திரத்தின் விசையை வென்று வாகனத்தை நிறுத்த வல்லது. எனினும் பெட்ரோல் இயந்திரம் முழு விசையில் இயங்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட அழுத்தம் குறைந்து, மிதி கடினமாகிவிடும்.

முக்கிய நிகழ்வுகள்

1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 வகைத் தானுந்துகள் மீது இக்குற்றச்சாட்டு எழுந்தது. 1989 இல் வெளியான அரசு ஆய்வு, மிதிப் பிழையே பெரும்பாலான நிகழ்வுகளுக்குக் காரணம் என்றது. ஆயினும் மிதிகளின் அமைப்பு போன்ற வடிவமைப்புக் கூறுகள் அப்பிழைக்குத் துணைபோயிருக்கலாம் என்றும் சுட்டியது.

2009 ஆகத்து மாதம் சான் டியேகோ அருகே, டொயோட்டாவின் லெக்சசு வகை தானுந்து ஒன்று விபத்துக்குள்ளாகி நால்வர் உயிரிழந்தனர். வேறொரு வகை வாகனத்துக்கு உரிய விரிப்பு மிதியைச் சிக்கவைத்தது கண்டறியப்பட்டது. டொயோட்டா பல இலட்சம் வாகனங்களைத் திரும்பப் பெற்றது. நாசா பொறியாளர்கள் பங்கேற்ற ஆய்வு, மின்னணுக் கோளாறுக்குச் சான்று கிடைக்கவில்லை என 2011 இல் அறிவித்தது. ஆனால் 2013 இல் ஓக்லகோமா நடுவர் குழு, மென்பொருள் குறைபாடு பற்றிய நிபுணர் சாட்சியத்தைக் கேட்டபின் ஒரு வழக்கில் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பாதுகாப்புக் குறைகள் குறித்துப் பொதுமக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக, 2014 இல் அந்நிறுவனம் 120 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது.

இந்தியாவில், 2024 திசம்பர் 9 அன்று மும்பை குர்லாவில் பெஸ்ட் நிறுவனத்துக்காக இயக்கப்பட்ட மின்பேருந்து ஒன்று மக்கள் மீதும் வாகனங்கள் மீதும் மோதியது. ஏழுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓட்டுநர் கைது செய்யப்பட்டார். பேருந்தை ஆய்வு செய்த போக்குவரத்து அதிகாரிகள் பிரேக் செயல்பட்டதாகத் தெரிவித்தனர். அதே வேளை, கிளட்ச் உள்ள வாகனங்களுக்குப் பழகிய ஓட்டுநருக்கு மின்பேருந்தில் அளிக்கப்பட்ட பயிற்சி போதுமானதா என்ற கேள்வியும் எழுந்தது. இவ்வாறு ஓட்டுநர் பிழை என்பதற்குள்ளும் பயிற்சியளிப்போரின் பொறுப்பு அடங்கியுள்ளது.

காரணம் அறிதல்

பல புதிய வாகனங்களிலுள்ள நிகழ்வுப் பதிவுக் கருவி, மோதலுக்கு முந்தைய சில நொடிகளில் எந்த மிதி அழுத்தப்பட்டது என்பதைப் பதிவு செய்கிறது. எனினும் ஆக்சிலரேட்டரின் உணரி தரும் தகவலையே அது பதிவதால், உணரி பழுதானால் பதிவும் பிழையாகலாம். எனவே பதிவுடன் மிதிகள், விரிப்பு, சாலைத் தடங்கள், நிழற்படக் கருவிக் காட்சிகள் ஆகியவையும் ஒப்பிடப்படுகின்றன.

தடுப்பு முறைகள்

பிரேக்கை மிதித்தால் மட்டுமே நிறுத்த நிலையிலிருந்து கியரை மாற்ற இயலும் பூட்டும், இரு மிதிகளும் ஒருங்கே அழுத்தப்பட்டால் பிரேக்குக்கு முதன்மை தரும் அமைப்பும் பயன்பாட்டில் உள்ளன. இரண்டாவது அமைப்பு சிக்கிய மிதிக்கு உதவும். கால் பிரேக்கில் இல்லாதபோது உதவாது. அதற்காக, முன்னால் தடை இருக்கையில் ஆக்சிலரேட்டர் திடீரென அழுத்தப்பட்டால் விசையைக் குறைக்கும் கருவிகள் உருவாக்கப்பட்டுள்ளன.

வாகனம் தானே வேகமெடுத்தால் ஓட்டுநர் முதலில் தன் கால் எந்த மிதியில் உள்ளது எனப் பார்த்து, பிரேக்கை விடாது அழுத்தி, கியரை நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். வாகனம் நின்ற பின்னரே இயந்திரத்தை நிறுத்துவது நல்லது. ஓடும்போது சாவியை எடுத்தால் திசைமாற்றி பூட்டிக்கொள்ளக்கூடும்.