மருந்துவாழ் மலையும் மாத்திரையும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியில், பொற்றையடி அருகே நிற்கிறது மருந்துவாழ் மலை. அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்பது தொன்மம். சித்த மருத்துவத்தில் பூனைக்காலி விதையும் அமுக்கராக் கிழங்கும் ஆணின் தாது விருத்திக்கு உரியவை. ஆணிடமும் குறை இருக்கலாம் என்பதை வைத்தியம் அறிந்தே இருந்தது, ஊர்தான் ஒப்பவில்லை. 'மலடி' என்ற சொல்லுக்கு இருந்த புழக்கம் 'மலடன்' என்பதற்கு வாய்க்கவேயில்லை.

நாஞ்சில் நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மருமக்கள் வழியில் வேளாளர் ஒருவரின் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கே சென்றது. மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்றொரு சிறு பங்கு. ஆகவே ஓர் ஆணுக்குப் பிள்ளையில்லை என்பதால் குடும்பத்தின் வயலுக்கு வாரிசு அற்றுப்போகாது. இம்முறையின் கொடுமையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள் வழி மான்மியத்தில் ஒரு மனைவியின் புலம்பலாகவே பாடினார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பெற்ற மக்கள் வாரிசாயினர். பிள்ளையின்மை அங்கே ஆணின் கவலையாகவும் கனத்தது அதன் பிறகே என்பது நம் ஊகம்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1922-இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் இவான்ஸும் காதரின் பிஷப்பும், உணவில் ஏதோ ஒன்று குறைந்தால் எலிகளின் கரு அழிந்துபோவதைக் கண்டனர். அதுவே வைட்டமின் ஈ. அது கிட்டாத ஆண் எலிகளின் விரைகளும் மீளாதபடி சிதைந்தன. அதற்கு வைத்த 'டோகோஃபெரால்' என்ற பெயரின் கிரேக்க வேர்களுக்கே பிள்ளைப்பேறு தருவது என்று பொருள். 1943-இல் ஜான் மக்லியோட், ஆக்சிஜன் மிகுந்த சூழலில் மனித விந்தணு நீந்தும் வலுவை இழப்பதைக் காட்டினார். ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரைகளுக்கான தர்க்கம் இவ்வாறு உருவாயிற்று. எலிக்கு இல்லாததைக் கொடுப்பது வேறு, போதுமான அளவு உண்ணும் மனிதனுக்கு மேலும் கொடுப்பது வேறு என்ற சிறு ஐயம் மட்டும் கடைத்தெருவில் காணாமற்போனது.

அந்த ஐயத்திற்கு விடை 2020-இல் வந்தது. அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் நடந்த ஆய்வில், ஆண்கள் ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் உண்டனர். குழந்தை பெற்றோர் 34 விழுக்காடு. வெற்று மாத்திரை உண்டோரில் 35. விந்தணுவின் மரபிழைச் சிதைவு, மருந்துண்டோரிடம் சற்றுக் கூடியும் இருந்தது. வைட்டமின் சி, ஈ, செலினியம் ஆகியவற்றைக் கலந்து தந்த மற்றொரு சிறிய ஆய்வும் அதே ஆண்டில் பலனில்லை என்றே முடிந்தது.

மாத்திரை தீங்கற்றது, உண்டால் என்ன என்பார்கள். விரைப்பையில் நரம்பு புடைத்திருக்கும் ஒருவர், ஒரு விந்துப் பரிசோதனைக்குக் கூசி, ஓராண்டு குப்பி குப்பியாக விழுங்குகிறார். அந்த ஓராண்டும் கழிவது அவர் மனைவியின் வயதில். அவளோ அதற்குள் மூன்று மருத்துவர்களைப் பார்த்திருப்பாள்.