துவக்குக்கும் பிள்ளைக்கும் நடுவில்: வாவிக்கரைப் பெற்றோர் செய்ததும், இன்று வீட்டில் செய்யவேண்டியதும்

ஆரையம்பதியிலிருந்து மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது இன்று சில நிமிட வேலை. 2014இல் பாலம் திறக்கப்படும்வரை 'பாதை'யில் ஏறித்தான் போகவேண்டும். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் அந்தப் பாதையில் ஏறுவது ஒரு நிர்வாகத்திலிருந்து இன்னொரு நிர்வாகத்துக்குப் போவதாகவும் இருந்தது. எழுவான்கரையில் இராணுவமும் பொலிசும். படுவான்கரையில் விடுதலைப் புலிகள். பிள்ளை பெற்றவர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. துவக்கு இரண்டு கரையிலும் இருந்தது.

சிறுவர் பாதுகாப்புக் கூட்டங்களில் 'பெற்றோரின் பொறுப்பு' என்ற சொல் இப்போது அடிக்கடி வருகிறது. ஆயுதம் பிள்ளையின் கைக்குப் போகாமல் பார்ப்பது தாய் தகப்பனின் கடமை என்கிறார்கள். சரிதான். ஆனால் மட்டக்களப்பில் இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இங்கே ஆயுதத்தை நோக்கிப் பிள்ளைகள் போனது குறைவு. ஆயுதம்தான் வீடு தேடி வந்தது. அதைத் தடுக்கப் பெற்றோர் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் அவர்களுக்குப் பொறுப்பைப் போதிப்பது நியாயமில்லை.

சிறுவர்களை ஆயுதப் பிரிவுகளில் சேர்ப்பதில்லை என்ற வாக்குறுதிகளுக்குக் குறைவிருக்கவில்லை. 1998 மே மாதம் ஐ.நா.வின் விசேட பிரதிநிதி ஒலாரா ஒட்டுனு வன்னிக்குச் சென்றபோது, 17 வயதுக்குக் குறைந்தோரைச் சேர்ப்பதில்லை என்று புலிகள் உறுதியளித்தார்கள். 2003இல் யுனிசெப் அமைப்புடன் செயற்றிட்டம் ஒன்றும் கைச்சாத்தானது. அதே காலத்தில் மட்டக்களப்பின் கிராமங்களில் 'வீட்டுக்கு ஒருவர்' என்ற கோரிக்கை நடைமுறையில் இருந்தது.

பெற்றோர் செய்தவை பலவிதம். பிள்ளையை வேறு மாவட்டத்து உறவினர் வீட்டில் விட்டார்கள். விடுதிகளில் சேர்த்தார்கள். வயதை ஏமாற்றி மத்திய கிழக்குக்கு அனுப்பியவர்களும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு அவசரம் அவசரமாகக் கலியாணம் பேசினார்கள். தாலி கட்டினால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பதினைந்து பதினாறு வயதில் தாயான அந்தப் பிள்ளைகளின் படிப்பு அத்தோடு நின்றது. காப்பாற்றியதற்குக் கொடுத்த விலை அது. அந்தத் தாய்மாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் விலை இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

2004 மார்ச்சில் கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் புலிகளிடமிருந்து பிரிந்தார். ஏப்ரலில் வன்னிப் படையணிகள் வெருகல் ஆற்றைக் கடந்து வந்தன. சில நாட்களில் கருணா தனது அணிகளைக் கலைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் வீடு திரும்பினார்கள். பல இடங்களில் பெற்றோரே முகாம்களுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். அடுத்த மாதங்களில் அதே பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வீட்டுக்கு ஆள் வந்தது, கடிதம் வந்தது, ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஒருமுறை மீட்ட பிள்ளையை இரண்டாம் முறையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் அந்த வருட நவம்பரில் வெளியிட்ட அறிக்கை இதை விரிவாகப் பதிவுசெய்தது.

2006இல் ஆபத்து இந்தக் கரையிலேயே இருந்தது. அரச கட்டுப்பாட்டுப் பகுதியில், சோதனைச்சாவடிகளுக்கு நடுவே, கருணா அணியினர் பையன்களையும் இளைஞர்களையும் பிடித்துப்போனார்கள். எனக்கு அப்போது பதின்வயது. பின்னேர ரியூசன் எங்கள் வீட்டில் நின்றுபோன வருடம் அது. பிடிபட்டவர்களில் பலர் வெலிக்கந்தைப் பக்கத்து முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்மார் அங்கும் தேடிப் போனார்கள். பொலிசில் முறைப்பாட்டை எழுத மறுத்தால் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும், யுனிசெப்புக்கும், போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கும் போனார்கள். வாய் திறந்தால் மற்றப் பிள்ளைக்கும் ஆபத்து என்ற பயத்தோடுதான் போனார்கள்.

அந்த முறைப்பாடுகளால் என்ன பயன் என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். 2003 முதல் 2008 முடிவு வரை புலிகள் சேர்த்த சிறுவர்கள் என்று யுனிசெப் பதிவில் உள்ளவர்கள் 6,000க்கும் அதிகம். அந்தத் தொகை பெரும்பாலும் குடும்பத்தார் வந்து சொன்னதால் உருவானது. 2006 நவம்பரில் ஐ.நா.வின் விசேட ஆலோசகர் அலன் றொக் இங்கு வந்துபோய், கருணா அணியின் கடத்தல்களுக்குப் பாதுகாப்புப் படையினரில் சிலர் துணைநின்றதற்கு நம்பகமான சான்று உண்டு என்று சொன்னதும், சாட்சி சொல்லத் துணிந்தவர்கள் இருந்ததால்தான். 2008 டிசம்பர் 1ஆம் திகதி தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி, அரசாங்கம், யுனிசெப் மூன்றும் சிறுவர்களை விடுவிக்கும் செயற்றிட்டத்தில் கையெழுத்திட்டன. மிகவும் பிந்தி வந்த கையெழுத்து.

சட்டமும் இந்தக் காலத்தில்தான் மாறியது. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், சிறுவரை ஆயுத மோதலில் ஈடுபடுத்தச் சேர்ப்பதைக் குற்றமாக்கியது. 'பிள்ளை விரும்பித்தான் வந்தது' என்ற பேச்சு இங்கே அடிக்கடி கேட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விருப்பம் சேர்த்தவரைக் காப்பாற்றாது.

அந்தக் காலத்தில் பெற்றோரின் கையை மீறியவை பல. இன்று மிச்சமிருப்பதில் ஒரு பகுதி அவர்களின் கைக்குள் இருக்கிறது.

முதலாவது, இடியன் துவக்கு. படுவான்கரையில் யானைக்கும் பன்றிக்கும் பயந்து வேளாண்மை செய்கிறவர்களிடம் இது புழங்குகிறது. மருந்தையும் ஈயத்தையும் குழலின் வாய்வழியே இடித்து நிரப்பும் துவக்கு. நிரப்பினால் வெடிக்கும்வரை உள்ளேயே கிடக்கும். மற்றத் துவக்குகள் மாதிரித் தோட்டாவைக் கழற்றி வைக்க முடியாது. ஆகவே வயலிலிருந்து நிரப்பிய துவக்கோடு வீட்டுக்கு வருவதே முதல் பிழை. வாடியின் கூரைக்குள் செருகி வைப்பது ஒளித்துவைப்பதல்ல. பிள்ளைகளுக்குத் தெரியாத கூரை இல்லை. வீட்டில் வைப்பதானால் வெறுங்குழலாக, பூட்டிய இடத்தில், மருந்தும் கேப்பும் வேறு இடத்தில், சாவி பெரியவர் ஒருவரிடம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிக்கு மாவட்டச் செயலகத்தை நாடலாம். அனுமதியில்லாத துவக்கினால் வீட்டில் காயம் நடந்தால், வழக்குக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகத் தாமதிக்கும் ஆபத்தும் சேர்ந்து வருகிறது. போகாமல் மட்டும் இருக்கவேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கட்டுத்துவக்கும், தீனிக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடியும் இதைவிட மோசம். இழுபடும் கம்பிக்கு மிருகமா மாடு மேய்க்கும் பையனா என்று தெரியாது.

இரண்டாவது, மண்ணுக்குள் கிடப்பவை. மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அறியப்பட்ட கண்ணிவெடி நிலங்கள் துப்பரவாகிவிட்டன என்பதே அதன் பொருள். யாரோ அவசரத்தில் புதைத்த கைக்குண்டும் தோட்டாவும் அந்தக் கணக்கில் வராது. வளவு துப்பரவாக்கும்போதும், கிணறு இறைக்கும்போதும், வாவிக்கரையில் இறால் தேடும்போதும் அவை அகப்படலாம். பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்து ஐஸ்கிரீமுக்குக் காசு வாங்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. அதனால் 'தெரியாத இரும்பைத் தொடாதே' என்பதோடு, 'கண்டால் எங்களிடம் சொல், அடிக்கமாட்டோம்' என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அடிக்குப் பயந்த பிள்ளை எடுத்ததைச் சொல்லாது. பெரியவர்களும் தூக்கவோ, தண்ணீருக்குள் எறியவோ, தீ வைக்கவோ கூடாது. இடத்தை அடையாளமிட்டு விலகி 119க்கு அழைக்கவேண்டும். நீதிமன்ற அனுமதியோடு விசேட அதிரடிப்படையின் குண்டு செயலிழக்கும் பிரிவு வந்து அகற்றுவதே இங்குள்ள நடைமுறை.

பொலிசுக்குச் சொன்னால் விசாரணை நம்மீதே திரும்பும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. முன்னாள் போராளிகள் உள்ள வீட்டில் இந்தப் பயம் இரட்டிப்பு. அதை வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். தனியே போகாமல் கிராம சேவகரையோ, அயலில் மதிக்கப்படும் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போவது ஒரு வழி. பொருளைக் கண்டெடுத்த குடும்பத்தைச் சந்தேகத்தோடு பார்க்காமலிருப்பது பொலிசின் பக்கத்துப் பொறுப்பு. அது நடக்காதவரை பெற்றோருக்கு மட்டும் வகுப்பெடுத்துப் பயனில்லை.

திருவிழாக் கடைகளில் விற்கும் பிளாஸ்ரிக் குண்டுத் துப்பாக்கி பற்றியும் ஒரு வரி: கண்ணில் பட்டால் உள்ளே இரத்தம் கசிந்து பார்வை போகக்கூடும். கண்ணைக் கசக்கவோ கழுவவோ விடாமல் உடனே கண் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

திரும்பி வராத பிள்ளைகளின் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அன்றைக்குக் கிடைத்த முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், யுனிசெப் பதிவு எதுவானாலும் எறியவேண்டாம். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் பிராந்தியக் கிளை உண்டு. அந்த அலுவலகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும், கடதாசிகளைப் பிரதியெடுத்து ஒன்றை வீட்டிலும் மற்றதை நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் வைப்பது நல்லது.