பொன்பரப்பியின் இரண்டு தேதிகள்

அரியலூர் மாவட்டத்துப் பொன்பரப்பியை வெளியுலகம் இரண்டு தேதிகளால் அறியும்: 1987 செப்டம்பர் 1, 2019 ஏப்ரல் 18. வதந்தியும் அச்சமும் நம் காலத்தில் எவ்வாறு உருமாறின என்பதை அறிய இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதல் நாளில், வங்கியைக் கொள்ளையிட வந்த தமிழ்நாடு விடுதலைப் படையின் தலைவர் தமிழரசனும் தோழர்கள் நால்வரும் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில்தான் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் வெடித்த குண்டால் மலைக்கோட்டை விரைவு வண்டி கவிழ்ந்து பலர் மாண்டிருந்தனர். கொள்ளையரை ஊரார் அடித்தனர் என்பது ஒரு கதை. கூட்டத்தில் மாற்றுடையில் காவலர் இருந்தனர் என்பது ஆதரவாளர்களின் கதை. கைபேசி இல்லாத காலம் அது. இரண்டு கதைகளும் வாய்மொழியிலும் துண்டறிக்கையிலுமே உயிர்வாழ்ந்தன. அவற்றின் வேகம் மனிதக் கால்களின் வேகம்தான்.

இரண்டாவது நாள் நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு நாள். சிதம்பரம் தனித்தொகுதியில் தொல். திருமாவளவனின் சின்னம் பானை. பானை உடைக்கப்பட்டதில் மூண்ட தகராறு தலித் குடியிருப்பின் மீதான தாக்குதலாக வளர்ந்தது; சுமார் 20 வீடுகள் சேதமுற்றன. இம்முறை படச்சான்று இருந்தது. வீடுகளின் மீது கல் விழுவதை அன்றே தமிழகம் முழுதும் கைபேசியில் கண்டது. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்த செய்தி வெளியுலகை எட்டியது நாளிதழ் வழியேதான். அதனோடு ஒப்பிட்டால் இதை ஒரு பாதுகாப்பு என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதே படம் இன்னொரு ஊரின் தலித் தெருவில் இருப்பவருக்கு என்ன செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்? அடுத்தது நாம் என்பதாகத்தானே!

அதே நாட்களில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்திய ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் பரவிக் கலவரம் வெடித்தது. 144 தடையுத்தரவு போடப்பட்டது. அதற்கும் முன்பு, 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிக்க வந்தவர்களென்று தாக்கிய கூட்டம் ஒரு மூதாட்டியைக் கொன்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர்கள் செய்த குற்றம்.

பழைய வதந்தி மென்மையானது என்று நாம் ஏங்க வேண்டியதில்லை. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டதும் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு ஓடினர். 'எம்டன்' என்ற சொல் இன்றும் தமிழில் இருக்கிறது. ஆயினும் அன்று குண்டு உண்மையாகவே விழுந்தது. போளூரில் அதுகூட இல்லை. 2016க்குப் பின் இணையத் தரவு மலிவானதும், வெளிநாட்டுச் சம்பளத்தில் வாழும் பெரம்பலூர், அரியலூர்க் குடும்பங்களின் கைகளில் கைபேசி அன்றாடப் பொருளாயிற்று. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஐவருக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தியது. சாதிவாரியாக அமைந்த குழுக்களில் அந்த ஐந்தே போதும் என்பது நம் எண்ணம்.

பொன்பரப்பியில் தலித் மக்கள் பலர் வாக்களிக்க இயலவில்லை என்று புகார் எழுந்தது, மறுவாக்குப்பதிவு கோரப்பட்டது. அது நடக்கவில்லை. திருமாவளவன் 3,219 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.