சுப்பாண்டியின் முப்பாட்டன்கள்

"பையனுக்குத் தமிழ் நல்லாப் பேச வரும் சார், படிக்கத்தான் வராது."

தாராவியோ, மாதுங்காவோ, செம்பூரோ, மும்பையில் தமிழர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். "என்ன புஸ்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?"

என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஏற்கெனவே எந்தக் கதை அவனுக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள். அந்தக் கதையின் தமிழ்ச் சொந்தக்காரனைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுங்கள்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கிக்கு வந்தவன், இலக்கியம் படித்தவன் இல்லை. அதனால் வங்கி பாஷையிலேயே சொல்கிறேன். முன்பெல்லாம் கணக்குத் தொடங்க வேண்டுமானால், ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்ப் புத்தகமும் நம் குழந்தைக்கு முன்பின் தெரியாத ஆள்தான். தெரிந்த கதை அறிமுகக் கையெழுத்துப் போட்டால் உள்ளே விடுவான். கதை தெரிந்திருப்பதால் அடுத்த வார்த்தையை ஊகிக்கலாம். எழுத்துக் கூட்டும் சிரமத்தோடு, என்ன நடக்கிறது என்று புரியாத சிரமமும் சேராது.

இது ஏதோ புது யுக்தி இல்லை. நம் கதைகளே இப்படித்தான் மொழி விட்டு மொழி வந்திருக்கின்றன. அதில் சில மும்பை வழியாகவும் மராத்தி வழியாகவும் வந்தவை.

சுப்பாண்டி பிடிக்குமா? பரமார்த்த குரு கொடுங்கள்

அனந்த் பை 1967-இல் அமர் சித்திரக் கதையையும், 1980-இல் டிங்கிள் பத்திரிகையையும் மும்பையில் தொடங்கினார். டிங்கிளில் 1983-இல் வந்து சேர்ந்தவன் சுப்பாண்டி. நம் ஊர்ச் செவிவழிக் கதைகளில் இருந்த சப்பாண்டிதான் இவன். திருச்சியைச் சேர்ந்த பி. வரதராஜன் எழுதி அனுப்ப, ராம் வாயீர்க்கர் படம் போட்டார். ஆக, நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துச் சிரிக்கும் சுப்பாண்டியே தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கு வந்து பெயர் வாங்கியவன். நம்மைப் போல!

சொன்னதைச் சொன்னபடி செய்து காரியத்தைக் கெடுக்கும் இந்த வகை அசட்டுத்தனத்துக்குத் தமிழில் ஒரு முப்பாட்டன் இருக்கிறான். ஒருவன் இல்லை, ஐந்து பேர்! மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பரமார்த்த குருவுக்கு வாய்த்த சீடர்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்ப்பவர்கள். தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஓர் ஆளைக் காணோம் என்று அழுபவர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று காசு கொடுத்து வாங்குபவர்கள்.

இதை எழுதிய வீரமாமுனிவர் (1680-1747) இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார், இயற்பெயர் பெஸ்கி. இங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. தமிழ் கற்கும் வெளிநாட்டுப் பாதிரியார்கள் படித்துப் பழகுவதற்காக அவர் எழுதியது இது. 1822-இல் பாபிங்டன் என்பவர் லண்டனில் அச்சிட்டபோதும் தமிழோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தே போட்டார். தமிழ் தெரியாதவர்களைத் தமிழ் படிக்க வைக்கப் பிறந்த புத்தகம்! செம்பூர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு என்ன? பழைய நடை வேண்டாம். சிறுவர்களுக்காகச் சுருக்கி எழுதிய, படம் போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

பஞ்சதந்திரம் பிடிக்குமா?

2020-இல் வந்த சட்டப்படி மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். "இதுல தமிழ் வேறயா?" என்று அலுத்துக்கொள்ளும் அம்மாக்களுக்கு ஒரு தகவல். சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த தாண்டவராய முதலியார் 1826-இல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் கொண்டுவந்தார். எந்த மொழியிலிருந்து தெரியுமா? மராத்தியிலிருந்து!

அதற்கு முன்பே அந்தக் கதைகள் உலகம் சுற்றியாகிவிட்டது. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம், எட்டாம் நூற்றாண்டில் அரபி, பிறகு ஐரோப்பா. ஆகவே மராத்தி தெரிந்த பிள்ளையைத் தமிழுக்கு எதிரணியில் நிறுத்த வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் ஒரே கதை, ஒரே படங்களோடு பல மொழிகளில் வருகிறது. மராத்தியில் ஒன்று, தமிழில் ஒன்று என்று ஜோடியாக வாங்குங்கள். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா, ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது. செலவே வேண்டாம் என்றால், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதையைப் பல மொழிகளில் இலவசமாகப் படிக்கலாம்.

விக்ரம் - பேதாள்?

நம் வயதுக்காரர்களுக்கு 1985-இல் தூர்தர்ஷனில் வந்த தொடர் நினைவிருக்கும். தமிழ் வீடுகளில் அதற்கு வெகு முன்பே அம்புலிமாமா வந்துவிட்டது. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை. வேதாளத்தைத் தோளில் போட்டு, கையில் வாளோடு நடக்கும் அந்த ராஜாவின் படம், சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன் வரைந்தது. 2020-இல் தொண்ணூற்றாறு வயதில் காலமானார். இதே பத்திரிகைதான் மராத்தியில் 'சாந்தோபா'. என்னோடு வேலை பார்க்கும் மராத்திக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

பத்திரிகையை 2007-இல் ஒரு மும்பை நிறுவனம் வாங்கியது. 2013-இல் அது நின்றே போனது. ஆனால் விக்கிரமாதித்தன் கதைகளைப் பல பதிப்பகங்கள் புத்தகமாகப் போட்டிருக்கின்றன. ஒன்பது வயதுக்கு மேல் கொடுங்கள், பிணமும் சுடுகாடும் வரும். ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் முடிவதால், பதிலுக்காகவாவது அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.

ஈசாப்?

நரியும் திராட்சையும் ஆங்கிலப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அதையெல்லாம் பாட்டாக்கி, ஈசாப் கதைப் பாடல்கள் என்று தந்தவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922-1989). எங்கள் ஜாதி ஐயா! அதாவது, வங்கிக்காரர். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதிக் குவித்தவர். ஓய்வுக்குப் பிறகு 'கோகுலம்' ஆசிரியராக இருந்தார். எழுத்துக் கூட்டும் நிலையில் உள்ள பிள்ளைக்கு உரைநடையைவிடப் பாட்டு சுலபம். சந்தம் அடுத்த சொல்லைத் தானாக இழுத்துக்கொண்டு வரும்.

பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் 2022-லும் 2023-லும் பொன்னியின் செல்வன் படங்களைப் பார்த்திருப்பார்கள். கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமை ஆனதால் பல பதிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஐந்து பாகத்தையும் மொத்தமாக நீட்டிப் பயமுறுத்தாதீர்கள். முதல் பாகம் மட்டும். வந்தியத்தேவன் குதிரையேறிவிட்டால் மீதியை அவனே பார்த்துக்கொள்வான்.

ஸ்பைடர்மேன் பைத்தியங்களுக்கு இரும்புக்கை மாயாவி. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு. அதுவும் இங்கிலாந்திலிருந்து சிவகாசிக்கு வந்து தமிழனானவன்தான்.

வாங்கினால் மட்டும் போதாது என்பது உங்களுக்கே தெரியும். ராத்திரி பத்து நிமிஷம். முதல் பக்கம் நீங்கள் படியுங்கள், அடுத்த பத்தி பிள்ளை. தப்பாகப் படித்தால் உடனே திருத்த வேண்டாம், கதை தெரிந்த பிள்ளை தானே திரும்பி வந்து சரி செய்துகொள்ளும். 247 எழுத்தும் தெரிந்த பிறகுதான் புத்தகம் என்றும் காத்திருக்க வேண்டாம். நூறு எழுத்து தெரிந்தால் சுப்பாண்டியின் சொந்தக்காரர்களைச் சந்திக்கலாம்.

பேசத் தெரிகிறதே, போதாதா என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஊரிலிருந்து பாட்டி தமிழில் வாட்ஸ்அப் அனுப்புகிறாள், அதைப் பேத்திக்கு நீங்கள் படித்துச் சொல்கிறீர்கள். அந்தப் பேத்தியின் பிள்ளைக்கு யார் படித்துச் சொல்வார்கள்? படிக்கத் தெரியாத மொழி வெளியூரில் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவது கஷ்டம்.

அடுத்த முறை காப்பிப் பொடி வாங்க மாதுங்கா போகும்போது, கிரி கடையில் புத்தக அலமாரிப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் கதை வேண்டுமென்று அதுவே எடுக்கட்டும்.