எழுத்துருக் குடும்பப் பெயர்

எழுத்துருக் குடும்பப் பெயர் என்பது கணினியில் நிறுவிய எழுத்துருவை மென்பொருள்கள் தேடி எடுக்கும் பெயர். கோப்பின் பெயர் வேறு, இது வேறு. எழுத்துருக் கோப்புக்குள் பெயர்களுக்கென்றே ஓர் அட்டவணை உண்டு. கோப்பின் பெயரை எப்படி மாற்றினாலும் மெனுவில் தெரிவது அந்த அட்டவணையில் உள்ள பெயர்தான்.

விண்டோஸில் ஒரு நிரல் கேட்ட பெயர் கிடைக்காவிட்டால் பொதுவாகப் பிழைச் செய்தி வராது. ஏறத்தாழ ஒத்த வேறொன்றைக் கணினியே எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதனால் அழகு கெடும், அவ்வளவுதான். தமிழிலோ வாசகமே போய்விடும். 1990களின் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அவற்றில் ஒன்றான பாமினியில் ‘வணக்கம்’ என்று அடித்தால் கோப்பில் பதிவது டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் கண்ணில் படுவதும் அதுவே. நிறுவனத்துக்கு நிறுவனம் இட ஒதுக்கீடு மாறியதால், வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டாலும் பெரும்பாலும் குப்பைதான் வரும். எழுத்துருவின் பெயரே இந்த இட ஒதுக்கீட்டுக்கு, அதாவது குறிமுறைக்கு, அடையாளமாகவும் இருந்தது.

குடியாத்தம், ஆம்பூர் போன்ற ஊர்களில் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் வடிவமைக்கும் டிடிபி கடைகளுக்கு இதைத் தவிர்க்கத் தெரிந்த வழி, கோரல்டிரா மென்பொருளில் எழுத்துகளைக் ‘கர்வ்’ பண்ணி அச்சகத்துக்கு அனுப்புவது. எழுத்து வெறும் கோட்டு வடிவமாகிவிடும். எந்தப் பெயரையும் தேட வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் இனிஷியலைத் திருத்தச் சொன்னால் மட்டும் பழைய கோப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற பொதுக் குறிமுறைகளைப் பரிந்துரைத்தது. நல்ல முயற்சி, ஆனால் அதுவரை குவிந்திருந்த கோப்புகள் பழைய குறிமுறைகளிலேயே கிடந்தன. 1991 முதலே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோட், விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு மேசைக்கணினிக்கு வந்தது. தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்-16 என்ற குறிமுறையையும் ஏற்றது.

யூனிகோடில் எழுத்தின் அடையாளம் எழுத்துருவைச் சார்ந்ததல்ல. லதா இல்லாவிட்டால் நிர்மலா, அதுவும் இல்லாவிட்டால் நோட்டோ. வடிவம் மாறும், சொல் மாறாது. லினக்ஸில் கீத் பேக்கர்டு உருவாக்கிய ஃபான்ட்கான்ஃபிக், பெயர் பொருந்தாதபோது மொழியையும் பார்த்து மாற்றைத் தேர்ந்தெடுக்கிறது.

பழைய பாமினி வாசகத்தை வெறும் உரைக் கோப்பாகச் சேமித்திருந்தால் அதில் எழுத்துருவின் பெயர் இருக்காது. அதனால்தான் பல குறிமுறை மாற்றிகள் இன்றும் முதலில் எந்தக் குறிமுறை என்று பயனரிடமே கேட்கின்றன: பாமினியா, டாபா, திஸ்கியா?